பரங்கிமலைச் சத்தியம்

1867 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு

இன்றும் அவர் நன்மை வாங்கவில்லை.

கிறிஸ்துமஸிலிருந்தே இப்படித்தான். ஏதோ காய்ச்சல், ஏதோ சோர்வு என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஈஸ்டர் அன்று கூட பூசையில் நன்மை அப்பம் வாங்காதவன் சாவான பாவத்தில் இருக்கிறான் என்று ஆறு வயதிலேயே படித்தவள் நான். கோயில் நிறையக் கூட்டம். பீரங்கிப் படைக்காரர்கள், அவர்கள் பெண்சாதிகள், மலையடிவாரத்து ஜனங்கள் எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். இவர் முழந்தாளிட்டபடியே இருந்தார். தோளைத் தொட்டேன். "நீ போ" என்றார், என்னைப் பார்க்காமல். நான் மகள் நோராவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் வாங்கினேன். திரும்பும்போது பார்த்தேன், இரண்டு வரிசை பின்னால் சிப்பாய் லாரியும் எழுந்திருக்கவில்லை.

மதராஸ் கறுப்பர் பட்டணத்து ஐரிஷ் கன்னியர் மடத்தில் அநாதையாக வளர்ந்தவள் நான். தினமும் மனசைச் சோதித்து இரண்டு வரி எழுதும்படி மதர் பழக்கியிருந்தார். கார்ப்பரல் டெனிஸ் டுகனைக் கட்டிக்கொண்டு பரங்கிமலைக்கு வந்த பிறகு விட்டுப்போயிற்று. இன்று திரும்பத் தொடங்குகிறேன். யாரிடமும் கேட்க முடியவில்லை.

சீமையில் அவருக்கு வேறு பெண்சாதி இருக்கிறாளோ? இங்கே பல சிப்பாய்களுக்கு அப்படித்தான். என்றைக்காவது கப்பலில் ஒருத்தி வந்து இறங்குவாளோ?

மத்தியானம் மீன் குழம்பு வைத்தேன். ஞாயிறு என்றால் லாரியும் எங்களோடுதான் சாப்பிடுவான். அயர்லாந்திலிருந்து வந்து ஐந்து மாசம் ஆன பையன். அவனுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் "அக்கா" ஒன்று. என்னை அப்படித்தான் கூப்பிடுவான். இரண்டு பேரும் இன்று பேசாமல் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 25

நோராவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. சந்தனம் அரைத்துப் பூசினேன். இவர் படையின் கேப்டன் வில்மட்டின் துரைசானிக்குக் கவுன் தைக்க வேண்டும். துணியைத் தொடவே பயமாக இருக்கிறது, அவ்வளவு உயர்ந்த பட்டு.

பட்டாளத்துச் சமையற்காரர் சூசையின் பெண்சாதி சலேத்தம்மாள் காராமணி வாங்க வந்தாள். பட்டாளத்து லயன் வீடுகளில் அடுத்தது அவளுடையது.

"இன்னாடி, மூஞ்சி வத்திப் போச்சு?"

"வெயிலுதான்க்கா."

"வெயிலாவது மண்ணாவது. உன் ஊட்டுக்காரு சனிக்கிழமைல குதிரை லாயத்துக்குப் பின்னால ஏழெட்டு பேரைச் சேத்து வச்சிக்கினு பேசுறாராமே. சூசை பாத்துச்சாம். சீட்டாடலையாம், குடிக்கவும் இல்லியாம். சோல்ஜருங்க குடிக்காம கூடினா அது நல்லதாடி?"

பெண் விஷயமாக இருந்தால் ஏழெட்டுப் பேர் எதற்கு? அப்படி நினைத்து ஆறுதல்பட்டேன். அந்த ஆறுதல் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

மே 3

கப்பலில் சீமைப் பத்திரிகை வந்திருக்கிறது. லாயத்து நிழலில் லாரி வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டு நின்றதை நான் தண்ணீர் எடுக்கப் போகும்போது பார்த்தேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட மனிதர் அழுது இதுவரை பார்த்ததில்லை.

"யாராவது செத்துட்டாங்களா?"

"பனி" என்றார். "மார்ச் மாசத்துல அப்படி ஒரு பனி. மலைக்கு ஓடினவங்க எல்லாம் பனியில மாட்டிக்கிட்டாங்க."

மேலே கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

மே 5, ஞாயிறு

இன்று தெரிந்துவிட்டது.

பூசையில் ஃபாதர் டாய்ல் பிஷப் மேற்றிராணியாரின் உத்தரவை வாசித்தார். அயர்லாந்தைத் தனிக் குடியரசாக்கப் போவதாகச் சொல்லி ஒரு ரகசியச் சகோதர சங்கம் இருக்கிறதாம். அதில் சத்தியம் செய்தவர்களுக்கு ஃபீனியன்கள் என்று பெயராம். அவர்கள் பட்டாளத்துக்குள்ளேயும் புகுந்துவிட்டார்களாம். "சத்தியத்தை விட்டு விலகும்வரை அவர்களுக்குப் பாவமன்னிப்பு கிடையாது. நன்மை கிடையாது. செத்தால் மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது" என்றார். ஃபாதரும் அயர்லாந்துக்காரர்தான். வாசிக்கும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

என் முன்னால் இவருடைய பிடரியில் வேர்வை கோடாக இறங்கியது.

மத்தியானம் லயனே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

"எத்தனை மாசமா?"

அவர் பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி லயன் தமிழ். எனக்கு வந்தபடி எழுதுகிறேன்.

"போன ஐப்பசியில இருந்து. புதுப் படையோட வந்த ஒருத்தன் கொண்டாந்தான். அவன் காலராவுல போயிட்டான். சத்தியம் இருக்கு."

"என்ன சத்தியம்?"

"என் நாடு தனி நாடு. அதுக்கு ராணி இல்ல. கூப்பிட்ட அன்னிக்கு ஆயுதம் எடுப்பேன்."

"ராணி குடுத்த பீரங்கியையா?"

"அதையேதான்."

சொல்லும்போது குரல் உயரவில்லை. பிறகு ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னார். அவருக்குப் பத்து வயதிருக்கும்போது அவர்கள் ஊரில் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டதாம். கீறினால் கறுப்புத் தண்ணீராம். குத்தகை தரமுடியாத வீடுகளை ஜமீன்தார் ஆட்கள் உத்தரத்தை இடித்துச் சாய்த்தார்களாம். "என் அம்மா ரோட்டோரம் செத்துக் கிடந்தா, பிரகாசி. வாயெல்லாம் பச்சையா இருந்துச்சு. புல்லு. அதே ரோட்டுல கோதுமை மூட்டையை வண்டி வண்டியா துறைமுகத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனான், இங்கிலாந்துக்கு. காவலுக்கு யாரு? பட்டாளம். பசி தாங்காம நானும் கடைசியில அந்தப் பட்டாளத்துலயே சேந்தேன்."

அமெரிக்காவுக்குக் கப்பலேறித் தப்பியவர்களும் டப்ளினில் இருப்பவர்களும் சேர்ந்து ஆரம்பித்த சங்கமாம். மார்ச் மாதம் எழுந்தார்களாம். ஒரே இரவில் முடிந்துவிட்டதாம். காட்டிக்கொடுத்தவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் சர்க்காருக்குச் சொல்லிவிட்டார்களாம். "எங்க ஊர்ல பாம்பை விட, பிளேக்கை விட, கேவலமான ஒரு சொல்லு இருக்கு. இன்ஃபார்மர். அவனை மட்டும் எவனும் மன்னிக்க மாட்டான். அவன் பிள்ளையைக் கூட."

"அதான் முடிஞ்சு போச்சே. விட்டுடுங்க."

"சத்தியத்தை எப்படி விடறது?"

"இங்க யாருங்க தலைவர்?"

குனிந்து, தூங்கும் நோராவின் காலில் உட்கார்ந்த ஈயை விரட்டினார்.

வேறு பெண்சாதி இல்லை. அதற்காக மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தேன். இனி எதற்காக ஏற்றுவது?

மே 9

பூட்ஸ் சத்தம் கேட்டால் அரிசி களையும் கை நின்றுவிடுகிறது. சத்தம் லயனைத் தாண்டிப் போன பிறகுதான் திரும்ப மூச்சு வருகிறது. நோரா கூட இன்று கேட்டாள், "யாரும்மா வர்றாங்க?" என்று.

பெங்களூரில் நாலு பேரைப் பிடித்திருப்பதாகச் சலேத்தம்மாள் சொன்னாள்.

மே 12

லாயத்தில் ஒரு குதிரை சீறியதற்கு நான் குடத்தைப் போட்டு உடைத்தேன்.

மே 16

துரைசானிக்குக் கவுன் பொருத்திப் பார்க்கப் போனேன். அவள் நாற்காலி மேல் நிற்க, நான் தரையில் மண்டியிட்டு விளிம்பைக் குத்திக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். என்னிடம் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவாள்.

"பிரகாசி, உன் புருஷன் நல்ல வேலைக்காரன்னு கேப்டன் எப்பவும் சொல்வார்."

தலையை ஆட்டினேன்.

"பெங்களூர்ல பிடிச்சவங்கள்ல ஒருத்தன் வாயைத் திறந்துட்டான். பரங்கிமலையிலயும் இருக்காங்கன்னு சொல்லிட்டான். பேர் மட்டும் அவனுக்குத் தெரியல. கண்டுபிடிக்காம விடமாட்டாங்க. சிலருக்குத் தூக்கு கூட விழலாம்."

என் வாயில் குண்டூசிகள் இருந்தன.

"உனக்கு எதுவும் தெரியாது, நல்ல பொண்ணுன்னு நான் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். ஆனா யோசிச்சுப் பாரு. நாளைக்கு வேற எவனாவது தன்னைக் காப்பாத்திக்க உன் புருஷன் பேரைச் சொன்னா? அதுக்கு முன்னாடி ஒரு பேர் இங்க வந்திருந்தா, பேர் குடுத்தவ வீட்டு ஆம்பளையைத் தொடமாட்டாங்க. கேப்டன் வாக்குக் குடுத்திருக்கார். ஒரே ஒரு பேர். யாருக்கும் தெரிய வேண்டாம்."

பிறகு, "இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடி" என்றாள்.

மே 18, சனி

கவுனைக் கொடுத்தேன். இடுப்பு சரியாக இருந்தது. துரைசானிக்கு ரொம்ப சந்தோஷம். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அந்த வீட்டில் நான் இதற்கு முன் உட்கார்ந்ததில்லை. கேப்டனும் வந்தார். எலுமிச்சை சர்பத் கொடுத்தார்கள். வேறொன்றும் விசேஷமில்லை.

லாரிக்குத் தாய் தகப்பன் இல்லை. பெண்சாதி பிள்ளை இல்லை. அவனே சொல்லியிருக்கிறான். எதற்கோ இன்று முழுவதும் அது ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சர்பத் முழுவதையும் வாந்தி எடுத்தேன். வெயில்தான்.

மே 19, ஞாயிறு

லாரியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வீட்டில், சோற்றில் கை வைத்திருக்கும்போது.

சார்ஜென்டும் நாலு பேரும் வந்தார்கள். துப்பாக்கியில் கத்தி செருகியிருந்தது. லாரி அவர்களைப் பார்த்தான், பிறகு இவரைப் பார்த்தான், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். இவரைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்பது போல. கையைத் துடைத்துவிட்டு எழுந்தான். "அக்கா, மீனை எடுத்து வைங்க" என்றான், பாதித் தமிழில். சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை. இருபத்திரண்டு வயதுதான்.

சார்ஜென்ட் இவரை ஒன்றும் கேட்கவில்லை. இவர் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

நோரா அழுதாள். நான் அவளை அடித்துவிட்டேன். எதற்கு அடித்தேன் என்று தெரியவில்லை.

மே 22

லாரியைக் கார்டு ரூமின் பின் அறையில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லை. இந்த அக்கினி வெயிலில் உள்ளே எப்படி இருக்கும்? நான் கொடுத்தனுப்பிய கஞ்சியைச் சூசை கொண்டுபோனார். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

"வாயெல்லாம் வெடிச்சிக் கெடக்கும்மா. தலைவன் யாருன்னு கேட்டுக் கேட்டு ஒதைக்கிறானுங்க. அந்தப் புள்ள இன்னா சொல்லுது தெரியுமா? 'நான்தான் தலைவன், எனக்குக் கீழ யாரும் சேரல'ன்னுது. அப்புறம் உனக்கு ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு. அக்காவைப் பயப்பட வேணாம்னு சொல்லுங்க, வாயைத் தொறக்க மாட்டேன்னு சொல்லுங்கன்னுது."

கஞ்சிக் கலயத்தை வாங்கிக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

மே 24

"எவனோ வித்துட்டான்" என்கிறார். சாப்பிடும்போது, பூட்ஸ் துடைக்கும்போது, நோராவைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது. "அந்தப் பையன் கையைப் பைபிள் மேல வச்சு சத்தியம் வாங்கினவன் நான். அவன் கப்பல்ல இருந்து இறங்கின வாரமே வாங்கினேன். எவன் வித்தான்?"

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இருந்தாலும் நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 27

கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார். கார்மடி.

கார்மடி படையில் சேணம் தைப்பவர். ஐம்பது வயதிருக்கும். குடிப்பார், சார்ஜென்டிடம் கடன் சாராயம் கேட்பார், எல்லாருக்கும் இளக்காரம். அந்தச் சனிக்கிழமை கேப்டன் பங்களா வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் இருக்கிறானாம்.

"சேணம் தைக்கப் போயிருப்பாருங்க" என்றேன்.

"அன்னிக்குச் சாயங்காலம் போறான். மறுநாள் லாரியைப் பிடிக்கிறாங்க. இன்னும் என்ன வேணும்?"

கொஞ்ச நேரம் கழித்து, "வியாழக்கிழமை திருநாள். நீ காலையிலேயே நோராவைக் கூட்டிக்கிட்டு மடத்துக்குப் போயிடு. வெள்ளிக்கிழமை வந்தாப் போதும்" என்றார்.

"எதுக்குங்க?"

"போன்னா போ."

வியாழக்கிழமை ஆண்டவர் பரமேறின திருநாள். பட்டாளம் முழுவதும் பூசையில் இருக்கும். நன்மை வாங்க முடியாதவர்கள் மட்டும் லாயத்தில் இருப்பார்கள்.

மே 29

இவர் வேலைக்குப் போன பிறகு கார்மடி வந்தார். வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சாராய வாடை இல்லை. எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"மிஸ்ஸிஸ் டுகன், ரெண்டு நாளா என்கூட யாரும் பேசறதில்ல. நான் உட்கார்ந்தா எழுந்து போயிடறாங்க. இது என்னன்னு எனக்குத் தெரியும். எங்க ஊர்ல இப்படி ஒருத்தனுக்கு நடந்ததைப் பார்த்திருக்கேன். உங்க புருஷன்கிட்ட சொல்லுங்க. நான் இல்ல."

"நீங்களே சொல்லலாமே."

"நான் சொன்னா நம்புவாங்களா?" கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நான் அன்னிக்கு அந்த வராந்தாவுல சேணம்தான் தச்சுக்கிட்டு இருந்தேன். உள்ள கதவு திறந்திருந்தது. நீங்க நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்க. கேப்டனும் இருந்தார்."

வெளியே யாராவது நிற்கிறார்களா என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"நான் அதை யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்களுக்குக் குழந்தை இருக்கு. நீங்க எதுக்குப் போனீங்கன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். நான் இல்லன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லுங்க. அவ்வளவுதான்."

போய்விட்டார். என்னைப் பற்றிச் சொன்னால் அவர் உயிர் தப்பும். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் போய்விட்டார்.

நாளைக்குக் காலையில் மடத்துக்குப் போக மாட்டுவண்டி சொல்லியிருக்கிறது. துணி மூட்டை கட்டிவிட்டேன். வண்டியில் ஏறிவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்து அடுப்பு மூட்டிக்கொள்ளலாம்.

மே 30, வியாழன்

வண்டியில் ஏறவில்லை.

அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு. கையில் கத்தி. "இன்னும் கிளம்பலையா?" என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி.

"கார்மடி இல்லீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். துரைசானிகிட்ட."

தமிழ் தனக்குப் புரியவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. இங்கிலீஷில் கேட்டார். இங்கிலீஷிலும் சொன்னேன். கத்தி அப்படியே நின்றது. நான் நோராவை இழுத்து என் பின்னால் நிறுத்திக்கொண்டேன். எனக்குப் புருஷனிடம் அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

"என்ன கேட்டா?"

"ஒரு பேர். குடுத்தா உங்களைத் தொடமாட்டேன்னாங்க."

"ஏன் லாரி?"

"அவனுக்கு யாருமில்ல."

அப்போதுதான் திரும்பினார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. "நாம இருந்தோமே, பிரகாசி" என்றார்.

மற்றக் கன்னத்தையும் சவரம் செய்து முடித்தார். கத்தியைத் துடைத்து வைத்தார். கோட்டை மாட்டி ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். நோராவின் தலையில் முத்தம் கொடுத்தார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"நீதான்னு தெரிஞ்சா உன்னை விடமாட்டானுங்க. பிள்ளையையும் நிம்மதியா இருக்க விடமாட்டானுங்க. யார் வந்து கேட்டாலும் உனக்கு ஒண்ணும் தெரியாது. கதவைப் போட்டுக்க."

கதவைப் போட்டுக்கொண்டேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நோராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோயில் மணி அடித்தது. வெளியே சத்தமே இல்லை. செபமாலையைக் கையில் எடுத்தேன், ஒரு அருள்நிறை மந்திரம் கூட முழுதாக வரவில்லை. லாயத்துப் பக்கம் ஆண்கள் கத்துவது கேட்டது. பிறகு யாரோ ஓடும் சத்தம். நோராவின் வாயைப் பொத்தினேன்.

சலேத்தம்மாள் கதவைத் தட்டினாள். "தொறடி! நான்தான்டி!"

திறந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ கண்ணு, உன் ஊட்டுக்காரு இப்படிப் பண்ணிட்டாரே! அந்த லாரிப் புள்ளையக் காட்டிக் குடுத்தது அவருதானாம். அவரே லாயத்துல எல்லார் முன்னாடியும் சொன்னாராம், என் உசிருக்குப் பயந்து நான்தான் சொன்னேன், கார்மடி மேல கை வைக்காதீங்கன்னு. மூஞ்சி மொகரை தெரியாம அடிச்சிட்டானுங்க. அப்புறம் எப்படியோ எழுந்து கார்டு ரூமுக்குப் போயி, நான்தான் இவனுங்களுக்குத் தலைவன், அந்தப் பையனை மிரட்டிச் சத்தியம் வாங்கினேன், அவனை விடுங்கன்னு உக்காந்துட்டாராம். எல்லாரும் காறித் துப்புறானுங்க. அடிக்குப் பயந்து கேப்டன் காலுக்குள்ள பூந்துட்டான்னு."

நான் வாயைத் திறந்தேன். அவர் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

ஜூன் 6

லயனில் எங்கள் வாசலில் யாரோ செத்த எலியைப் போட்டிருந்தார்கள். கிணற்றடியில் ஐரிஷ்காரர்களின் பெண்சாதிகள் நான் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நோராவை மற்றப் பிள்ளைகள் விளையாடச் சேர்ப்பதில்லை. "இன்ஃபார்மர்னா என்னம்மா?" என்று கேட்டாள். காய்ச்சல் மாதிரி ஒன்று என்றேன்.

துரைசானி தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். என் பேர் எங்கும் வரவில்லை. நான் போனபோது, "அவனே வந்து நின்னா கேப்டன் என்ன செய்ய முடியும்?" என்றாள். அடுத்த கவுனுக்குத் துணி கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் கோபித்துக்கொண்டு யாரிடமாவது சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஜூன் 28

தீர்ப்பு வந்துவிட்டது. மற்றவர்கள் பேரைச் சொல்லும்படி எவ்வளவோ கேட்டார்களாம், அவர் சொல்லவில்லை. அவருக்குப் பத்து வருஷம், சீமைச் சிறையில். லாரிக்கு இரண்டு வருஷம். மிரட்டலுக்குப் பயந்து சத்தியம் செய்தவன் என்று குறைத்தார்கள். தூக்கு இல்லை. இரண்டு பேரையும் ஒரே கப்பலில் அனுப்புகிறார்கள்.

லயனைக் காலி செய்ய வேண்டும். சாமானைத் தூக்கிவிட யாரும் வரவில்லை. கார்மடி வந்தார். பெட்டியை வண்டியில் ஏற்றினார். வண்டி புறப்படும்போது தொப்பியை எடுத்தார்.

மடத்தில் தையல் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 13

கடற்கரைக்குப் போனேன். கைதிகளின் வீட்டார் வந்து பார்க்கலாம் என்று உத்தரவு. என்னைத் தவிர யாரும் வரவில்லை. அலை பெரிதாக இருந்தது. படகுக்காரர்கள் அலை தாண்டும் மசூலாப் படகை மணலில் வைத்துவிட்டு அலை தணியக் காத்திருந்தார்கள். கப்பல் தூரத்தில் நின்றது.

லாரியைத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். எலும்பாக இருந்தான். என்னைப் பார்த்ததும் காவல்காரனிடம் ஏதோ சொல்லி, கிட்டே வந்தான். கையில் விலங்கு. நான் பின்னால் நகர்ந்தேன்.

"அக்கா, பயப்படாதீங்க" என்றான். மற்றதை இங்கிலீஷில் சொன்னான். "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சோறு போட்டீங்க, கஞ்சி அனுப்பினீங்க. அவர் என்னை மட்டும் ஏமாத்தல, உங்களையும்தான் ஏமாத்தியிருக்கார். உங்களுக்கு எப்படித் தெரியும்? பாவம் நீங்க."

அவன் கண்ணில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. இந்த மூன்று மாதத்தில் என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவரைக் கொண்டுவந்தார்கள். மூக்கு ஒரு பக்கமாக வளைந்து ஆறியிருந்தது. லாரி முதுகைத் திருப்பிக்கொண்டான். காவல்காரர்களில் ஒருவன் ஐரிஷ்காரன். அவர் காலருகே துப்பினான். அவர் அதைப் பார்க்காதது போல நோராவைப் பார்த்தார். அவள் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்த அப்பா முகம் அப்படி இருக்காது.

"நான் சொல்லிடறேங்க" என்றேன். "இப்பவே லாரிகிட்ட சொல்லிடறேன். என்னால முடியல."

அவர் தமிழில் பேசினார். பக்கத்தில் நின்ற லாரிக்கோ காவல்காரர்களுக்கோ புரியாது என்பதற்காக மெதுவாக, திருத்தமாகப் பேசினார்.

"சொல்லாத. சொன்னா அது கப்பல்ல போகும், லெட்டர்ல போகும், திரும்ப இங்க வரும். உன்னைத் தேடி வருவான். நான் எதுக்கு இதைச் சுமக்கிறேன்?"

"உங்களை இவனுங்க..."

"தெரியும்."

"பயமா இல்லையா?"

எப்போதும் இல்லை என்றுதான் சொல்வார். புயலில் லயன் கூரை பறந்தபோதும் அப்படித்தான் சொன்னார். இன்று கொஞ்சம் யோசித்தார்.

"இருக்கு. உனக்கு அன்னிக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத் தெரியுது."

காவல்காரன் அவர் தோளைத் தள்ளினான். போகும்போது என் பேரைச் சொன்னார்.

படகில் இரண்டு பேரையும் எதிரெதிர்ப் பலகையில் உட்கார வைத்தார்கள். படகுக்காரர்கள் பாட்டுப் பாடித் தள்ளினார்கள். முதல் அலையில் படகு செங்குத்தாக நின்றது. நோரா வீரிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அலைக்கு அந்தப்புறம் போயிருந்தார்கள்.

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். லாரி மட்டும் கரையைத் திரும்பிப் பார்த்தான். விலங்கு போட்ட இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கி எனக்கு ஆட்டினான்.

காவல்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்.